திரவம் கசிஞ்சா செல் காலி... சாய சோலார் செல்லை பாலிமர் காப்பாற்றுமா?

சோலார் பேனல் என்றதும் மொட்டை மாடியில் சாய்வாக நிற்கும் கருநீலப் பலகைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது சிலிக்கானில் செய்தது. ஆனா சூரிய ஒளியை மின்சாரமாக்க இன்னொரு வகை செல்லும் இருக்கு. வெள்ளை பெயின்ட்டில் சேர்க்கிற ஒரு பொடி, அதன் மேல் ஒட்டிய சாயம், கொஞ்சம் அயோடின் கலந்த திரவம், இரண்டு கண்ணாடித் துண்டு. முக்கியமான சமாச்சாரம் இவ்வளவுதான். இதற்கு 'டை சென்சிடைஸ்டு சோலார் செல்' என்று பெயர். தமிழில் சாய சோலார் செல் என்று சொல்லலாம்.

தயாரிக்க சிலிக்கான் செல் அளவுக்குப் பெரிய ஆலையோ, கடும் வெப்ப உலையோ வேண்டாம். பல நிறங்களில் செய்யலாம், கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒளி ஊடுருவும்படியும் செய்யலாம். இவ்வளவு வசதி இருந்தும் 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் இது மொட்டை மாடிக்கு வரவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, உள்ளே இருக்கும் அந்தத் திரவம். அதை எடுத்துவிட்டு பாலிமரை வைக்க முடியுமா என்பதுதான் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. என்ன சிக்கல், எதுவரை வந்திருக்காங்க என்று பார்க்கலாம்.

யார் கண்டுபிடிச்சது?

சாயத்தின் மேல் ஒளி பட்டால் மின்சாரம் கிடைக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனா கிடைத்த மின்சாரம் மிகக் குறைவு. 1991-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் கிராட்செலும் பிரையன் ஓ'ரீகனும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாங்கள் செய்த சாய செல், 7 சதவீதத்துக்கும் மேல் செயல்திறன் தருவதாக அதில் சொன்னார்கள். அதாவது, செல் மேல் விழும் ஒளி ஆற்றலில் நூறில் ஏழு பங்குக்கு மேல் மின்சாரமாக மாறியது.

அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. சாயத்தைச் சமதளமான பரப்பில் பூசாமல், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியின் மிக நுண்ணிய துகள்களை ஒட்டவைத்து, ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள் நிறைந்த படலம் ஒன்றைச் செய்தனர். அதன் தடிமன் சுமார் 10 மைக்ரான், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. ஆனா துளைகளின் உட்சுவரை எல்லாம் சேர்த்தால் பரப்பு பல நூறு மடங்கு கூடிவிடும். அவ்வளவு பரப்பிலும் சாயம் ஒட்டியதால், அதிக ஒளியைப் பிடிக்க முடிந்தது. இந்தப் பணிக்காக 2010-ல் கிராட்செலுக்கு பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. இன்றும் இந்த வகை செல்லை 'கிராட்செல் செல்' என்று சொல்வதுண்டு.

உள்ளே என்ன நடக்குது?

ஒளி பட்டதும் செல்லுக்குள் நடப்பதை நான்கு படியாகப் பிரிக்கலாம்.

1. ஒளி விழுந்ததும் சாயத்தில் உள்ள ஓர் எலக்ட்ரான் துள்ளி எழுந்து, பக்கத்தில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தாவும்.

2. அங்கிருந்து கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மின்கடத்திப் படலத்துக்குப் போய், வெளியே உள்ள வயர் வழியாக ஓடும். விளக்கு எரிவதும் போன் சார்ஜ் ஆவதும் இந்த ஓட்டத்தில்தான்.

3. வெளியே சுற்றி வந்த எலக்ட்ரான், எதிர்ப்பக்கக் கண்ணாடியில் உள்ள பிளாட்டினம் பூச்சை வந்து சேரும்.

4. எலக்ட்ரானைப் பறிகொடுத்த சாயம் இப்போ காலியாக நிற்கிறது. அதுக்கு வேறொரு எலக்ட்ரான் கிடைச்சாத்தான் அடுத்த முறை ஒளியைப் பிடிக்க முடியும். பிளாட்டினம் பக்கத்தில் இருந்து எலக்ட்ரானைச் சுமந்து வந்து சாயத்திடம் கொடுப்பது, நடுவில் இருக்கும் எலக்ட்ரோலைட்.

இந்த எலக்ட்ரோலைட்டைத் தமிழில் மின்பகுளி என்பார்கள். வழக்கமாக இது அயோடைடு உப்பும் அயோடினும் கரைந்த ஒரு திரவம். அயோடைடு அயனி சாயத்திடம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, மூன்று அயோடின் அணு சேர்ந்த 'ட்ரைஅயோடைடு' ஆக மாறும். அது எதிர்ப்பக்கம் போய் எலக்ட்ரானை வாங்கி மறுபடி அயோடைடாகத் திரும்பும். இரண்டு கரைக்கும் நடுவே ஓயாமல் ஓடும் படகு மாதிரி. படகு நின்றால் செல்லும் நின்றுவிடும்.

திரவத்தால் என்ன பிரச்னை?

இந்தப் படகுப் போக்குவரத்துக்குத் திரவம் ரொம்ப வசதி. ஸ்பாஞ்ச் துளைகளுக்குள் தானாகப் புகும், அயனிகள் அதில் வேகமாக நகரும். செயல்திறன் அதிகம் கிடைக்க ஆய்வுக்கூடங்களில் விரும்பிப் பயன்படுத்தியது அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான். அது கொதிப்பது சுமார் 82 டிகிரி செல்சியஸில். அதற்கு முன்பே வேகமாக ஆவியாகும். எளிதில் தீப்பிடிக்கும், நச்சுத்தன்மையும் உண்டு.

வெயிலில் நிற்கும் பேனல், சுற்றியுள்ள காற்றை விட 20 முதல் 30 டிகிரி வரை கூடுதலாகச் சூடாகும். காற்றே 40 டிகிரி இருக்கும் நாளில் பேனலுக்குள் 65, 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி அழுத்தம் தரும். பகலில் விரிவதும் இரவில் சுருங்குவதும் ஆக ஓரத்து ஒட்டு தளர்ந்தால் திரவம் கசியும். வெளியில் இருந்து ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே நுழையும்.

அதோட அயோடின் சும்மா இருக்காது. மின்சாரத்தைச் சேகரிக்கப் போடும் வெள்ளிக் கோடுகளை அரிக்கும். சிறிய செல்லில் இது பெரிதாகத் தெரியாது. ஆனா பெரிய பேனல் செய்யும்போது உலோகக் கோடுகள் இல்லாமல் முடியாது.

தயாரிப்பிலும் தலைவலி. இரண்டு கண்ணாடியையும் ஒட்டி, ஒரு சிறு துளை வழியாகத் திரவத்தை நிரப்பி, பிறகு அந்தத் துளையை அடைக்க வேண்டும். துளையும் ஒட்டும் எத்தனை இருக்கோ, கசிவதற்கு அத்தனை இடம். வளையும் பிளாஸ்டிக் தாளில் செய்வதென்றால் இன்னும் கஷ்டம், ஏன்னா பிளாஸ்டிக் வழியாகவே ஆவி மெல்ல வெளியேறும்.

சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு வரை உத்தரவாதம் தருகிறார்கள். கசியக்கூடிய திரவத்தை உள்ளே வைத்துக்கொண்டு அதோடு போட்டி போடுவது எப்படி? இங்கேதான் பாலிமர் வருது.

பிளாஸ்டிக்கில் அயனி எப்படி நகரும்?

பாலிமர் என்றால் ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோர்த்த நீண்ட சங்கிலி. பாலித்தீன் பை, நைலான் கயிறு எல்லாம் பாலிமர்தான். பொதுவாக இவை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனா 1973-ல் பீட்டர் ரைட்டும் உடன் ஆய்வு செய்தவர்களும், பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரோடு உப்புகள் கலந்து சேர்வதைக் காட்டினர். அதை பேட்டரிகளில் எலக்ட்ரோலைட்டாகப் பயன்படுத்தலாம் என்று அதே பத்தாண்டின் இறுதியில் முன்மொழிந்தவர் பிரான்ஸின் மிஷேல் அர்மான்.

இது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. பாலிமர் சங்கிலியில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள், உப்பில் உள்ள லித்தியம், சோடியம் போன்ற நேர் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். ஜோடியைப் பிரிந்த அயோடைடு தனித்து நிற்கும். சங்கிலி நெளியும்போது உண்டாகும் இடைவெளியில் அது நகர்ந்து போகும்.

நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்பவர்கள் கொஞ்சம் அசைந்து கொடுத்தால் கண்டக்டர் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போய்விடுவார். எல்லோரும் விறைத்து நின்றால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அசைந்து கொடுப்பதுதான் பாலிமரின் வேலை, நகர்ந்து போவது அயனி.

அப்போ ஏன் மின்சாரம் குறையுது?

இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை வேகம். பாலிஎத்திலீன் ஆக்சைடின் ஒரு பகுதி சாதாரண வெப்பநிலையில் படிகமாக இறுகிவிடும். அந்த இடத்தில் சங்கிலி அசையாது, அயனியும் நகராது. சுமார் 65 டிகிரியில்தான் அந்தப் படிகம் உருகும். இதனால் அறை வெப்பநிலையில் இதன் அயனி கடத்தும் திறன் திரவத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதுக்கும் குறைவு.

இரண்டாவது தடை இடம். பாலிமர் சங்கிலி நீளமானது, சுருண்டு கிடப்பது. ஸ்பாஞ்ச் துளைகளோ சில பத்து நானோமீட்டர் அளவு மட்டுமே. மேலாகப் பூசினால் மேலேயே தங்கிவிடும், ஆழத்தில் இருக்கும் சாயத்தை எட்டாது. எட்டாத சாயத்துக்கு எலக்ட்ரான் திரும்பக் கிடைக்காது. சாயம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்தத் தடைகளின் பாதிப்பை எண்களில் பார்க்கலாம். 2001-ல் பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ அவ்ரேலியோ டி பவோலி, அனா ஃப்ளாவியா நொகெய்ரா குழுவினர், திரவமே இல்லாமல் பாலிமரை மட்டும் வைத்து ஒரு செல் செய்தனர். முழு வெயிலுக்கு நிகரான ஒளியில் அதன் செயல்திறன் 1.6 சதவீதம். கிராட்செலின் முதல் செல்லில் கால் பங்குகூட இல்லை.

அடுத்த ஆண்டே இதில் ஒரு முன்னேற்றம் வந்தது. கிரீஸின் ஏதென்ஸ் நகரில் உள்ள டெமோக்ரிடோஸ் ஆய்வு மையத்தினர், பாலிஎத்திலீன் ஆக்சைடோடு டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளைக் கலந்தனர். துகள்கள் இடையில் புகுந்ததும் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி இறுகுவது குறைந்தது. செயல்திறன் 4.2 சதவீதத்துக்கு ஏறியது.

துளைக்குள் புகாத பிரச்னைக்கு வேறு உபாயம் கையாளுகிறார்கள். நீண்ட சங்கிலியை உள்ளே தள்ளுவதற்குப் பதிலாக, அதன் சிறு அலகுகளைத் திரவமாக ஊற்றி, துளைக்குள் போன பிறகு அங்கேயே சங்கிலியாகக் கோர்க்க வைப்பது.

ஜெல்: சைனா கிராஸ் மாதிரி ஒரு நடுவழி

முழுத் திரவமும் வேண்டாம், முழுத் திடமும் வேண்டாம் என்று நடுவில் ஒரு வழி பிடித்தவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். அதுதான் ஜெல் எலக்ட்ரோலைட்.

பாலில் கொஞ்சம் சைனா கிராஸ் போட்டுக் காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாகிவிடும். கத்தியால் வெட்டலாம், தட்டைச் சாய்த்தால் வழியாது. ஆனா உள்ளே இருப்பது பெரும்பாலும் பால்தான். ஜெல் எலக்ட்ரோலைட்டும் அதே கதை. குறைந்த அளவு பாலிமர் ஒரு வலை மாதிரி நின்று, பெருமளவு திரவத்தைப் பிடித்துக்கொள்ளும். திரவம் ஓடாது. ஆனா அதற்குள் இருக்கும் அயனிகளுக்கு ஏறக்குறைய திரவத்தில் ஓடும் சுதந்திரம் கிடைக்கும்.

1995-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சீர்சன் குழுவினர் பாலிஅக்ரிலோநைட்ரைல் ஜெல்லைக் கொண்டு சாய செல் செய்து காட்டினர். இந்த வழியில் பெரிய திருப்பம் வந்தது 2003-ல். பெங் வாங், கிராட்செல் உள்ளிட்டோர் புளோரின் கலந்த ஒரு பாலிமரை வைத்து ஜெல் செய்தனர். சட்டென்று ஆவியாகும் அசிட்டோநைட்ரைலுக்குப் பதிலாக, அதைவிட மிக அதிக வெப்பத்தில் கொதிக்கும் கரைப்பானைப் பயன்படுத்தினர். செயல்திறன் 6 சதவீதத்தைத் தாண்டியது.

அதைவிட முக்கியமான தகவல் வேறு. அந்த செல்லை 80 டிகிரி சூட்டில் 1,000 மணி நேரம் வைத்திருந்தார்கள். அதன் பிறகும் ஆரம்பத் திறனில் 94 சதவீதம் மிச்சமிருந்தது. சாய செல் சூட்டைத் தாங்காது என்ற பேச்சுக்கு அது ஒரு நல்ல பதில்.

ஆனா ஒன்றைக் கவனிக்கணும். 1,000 மணி நேரம் என்பது சுமார் 42 நாள். ஜெல்லுக்குள் இருப்பதும் பெரும்பாலும் கரைப்பான்தான். உடைந்தால் ஒழுகாது, ஆனா மெல்ல ஆவியாகும். எனவே ஓரத்து ஒட்டின் வேலை எளிதாகும், தேவையில்லாமல் போகாது. ஆய்வாளர்களே இதைத் 'திடம்' என்று சொல்லாமல் 'பாதித் திடம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

கண்டியில் நடந்த ஆய்வு

திரவத்தை மாற்றும் இந்த முயற்சியில் இலங்கைக்கு முக்கிய இடம் உண்டு. கண்டியில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர், 1995-லேயே திரவம் இல்லாத சாய செல்லைச் செய்து வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது பாலிமர் அல்ல, காப்பர் அயோடைடு என்ற திடப் பொருள். சாயமாக எடுத்தது, பூக்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தரும் சயனிடின்.

பின்னர் லக்ஷ்மன் திசாநாயக்க தலைமையிலான இலங்கை ஆய்வாளர்கள், ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பாலிமர் ஜெல் பக்கம் கவனம் செலுத்தினர். அவர்கள் ஆராய்ந்தவற்றில் ஒன்று, ஜெல்லில் எந்த உப்பைப் போடுவது என்ற கேள்வி. அயோடைடு எல்லா உப்பிலும் பொதுதான். அதோடு வரும் நேர் அயனி சிறியதா, பெரியதா என்பதில்தான் வித்தியாசம்.

பெரிய நேர் அயனி மெதுவாக நகரும். அதனால் மின்னோட்டத்தில் அயோடைடின் பங்கு கூடும். சிறிய நேர் அயனி டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் போய் ஒட்டும். அப்போ சாயத்தில் இருந்து எலக்ட்ரான் தாவுவது எளிதாகும், ஆனா வோல்டேஜ் கொஞ்சம் குறையும். ஒன்றை மட்டும் போடாமல் இரண்டு உப்பையும் சரியான அளவில் கலந்தால், தனித்தனியாகப் போட்டதை விட நல்ல செயல்திறன் கிடைக்கிறது என்று அவர்கள் காட்டினர். புதுப் பொருள் எதுவும் தேவையில்லை, பக்குவம் தெரிந்து கலந்தால் போதும் என்பதே இதன் சிறப்பு.

பெட்ரோலியத்தில் இருந்து வரும் பாலிமருக்குப் பதில் இயற்கைப் பாலிமரையும் பலர் சோதித்து வருகின்றனர். கடற்பாசியில் இருந்து வரும் அகர், இறால் ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான், செல்லுலோஸ் என்று பட்டியல் நீளும். மலேசியாவின் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரிசி மாவுச்சத்தில்கூட எலக்ட்ரோலைட் செய்து பார்த்திருக்கிறார்கள்.

வெயிலில் தோற்றது, வீட்டுக்குள் ஜெயிக்குமா?

பிரேசில் குழுவின் 1.6 சதவீதக் கணக்கில் இன்னொரு பாதி இருக்கு. வெயிலில் பத்தில் ஒரு பங்கு ஒளியில் அதே செல்லைச் சோதித்தபோது செயல்திறன் 2.6 சதவீதமாக ஏறியது. ஒளி குறைந்தால் திறன் எப்படி கூடும்?

கடும் வெயிலில் சாயம் நொடிக்கு நொடி ஏராளமான எலக்ட்ரான்களை அனுப்பும். அந்த வேகத்துக்குப் பாலிமருக்குள் இருக்கும் அயனிகளால் ஈடுகொடுக்க முடியாது. ஒளி குறைந்தால் வேலையும் குறையும். மெதுவாக ஓடும் படகே போதுமானதாகிவிடும். அதாவது பாலிமரின் பலவீனம் உச்சி வெயிலில்தான் அதிகம் வெளிப்படுது. மங்கிய வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரிவதில்லை.

சாய செல்களின் இன்றைய சந்தையும் அந்தத் திசையில்தான் போகிறது. சென்சார், ரிமோட், ஹெட்போன் மாதிரி கொஞ்சமாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு அறை விளக்கின் வெளிச்சமே போதும். ஸ்வீடனின் எக்செகர் நிறுவனம் தயாரிக்கும் சாய செல், 2022-ல் அடிடாஸ் வெளியிட்ட ஹெட்போனில் இடம்பெற்றது. தலையில் மாட்டிக்கொள்ளும் பொருளில் எதுவும் கசியக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டடங்களிலும் முயற்சிகள் நடந்திருக்கு. லொசானில் இ.பி.எஃப்.எல். வளாகத்தில் 2014-ல் திறக்கப்பட்ட மாநாட்டு மையத்தின் முகப்பில், சுமார் 300 சதுர மீட்டர் பரப்புக்கு வண்ண வண்ண சாய செல் பலகைகள் பொருத்தப்பட்டுள்ளன.

திரவத்தை விரட்டப் போய்க் கிடைத்த புதையல்

திரவத்துக்கு மாற்று தேடியதில் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. 2009-ல் ஜப்பானின் சுடோமு மியாசகா குழுவினர், சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை வைத்துச் சோதித்தனர். செயல்திறன் 3.8 சதவீதம். ஆனா எலக்ட்ரோலைட் திரவத்தில் அந்தப் படிகம் கரைய ஆரம்பித்ததால் செல் நீண்ட நேரம் தாங்கவில்லை.

2012-ல் தென் கொரியாவின் நாம்-கியூ பார்க் குழுவும், பிரிட்டனின் ஹென்றி ஸ்நைத் குழுவும் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப் பொருளை வைத்தனர். செயல்திறன் ஒரே தாவலில் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. இன்று பெரோவ்ஸ்கைட் செல்கள் ஆய்வுக்கூடத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சாய செல்லில் பிறந்து, அதை விடப் பெரிதாக வளர்ந்த பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு ஆச்சரியம் ஸ்வீடனில் நடந்தது. அயோடினுக்குப் பதில் தாமிரச் சேர்மத்தை எலக்ட்ரோலைட்டாக வைத்திருந்த செல்களில் திரவம் காய்ந்துபோனது. செத்துப் போயிருக்கணும், ஆனா தொடர்ந்து வேலை செய்தன! காய்ந்து படிந்த தாமிரச் சேர்மமே மின்னூட்டத்தைக் கடத்தியிருக்கிறது. உப்சாலா பல்கலைக்கழகத்தின் மரீனா ஃப்ரைடாக் உள்ளிட்டோர் இதை 2015-ல் வெளியிட்டனர். செத்தும் நடமாடுவதால் இதற்கு 'ஸோம்பி செல்' என்றே பெயர் வந்துவிட்டது. 2017-ல் இதன் செயல்திறன் 11 சதவீதத்தைத் தொட்டது.

அப்போ பாலிமருக்கு எதிர்காலம் இருக்கா?

செயல்திறனை மட்டும் பார்த்தால் திரவம்தான் இன்னும் முன்னிலை. 2022-ல் கிராட்செல் குழுவினர் சாய செல்லில் 15 சதவீதத்தைத் தாண்டியதும் திரவ எலக்ட்ரோலைட்டை வைத்துத்தான். முழுத் திட பாலிமர் அந்த உயரத்தை இன்னும் எட்டவில்லை. பாலிமர் தருவது வேறு: கசியாத பாதுகாப்பு, வளையும் தாளில் செய்தித்தாள் அச்சடிப்பது போல வேகமாகத் தயாரிக்கும் வசதி, நீண்ட ஆயுளுக்கான வாய்ப்பு. சில சதவீத மின்சாரத்தை விட்டுக்கொடுத்து சில ஆண்டு ஆயுளை வாங்குகிற வியாபாரம் இது. மொட்டை மாடியில் சிலிக்கானோடு மோத இது போதாது. ஜன்னல் கண்ணாடிக்கும், சுவர் முகப்புக்கும், வீட்டுக்குள் இருக்கும் சின்னக் கருவிகளுக்கும் இந்தக் கணக்கு சரிப்பட்டு வரலாம்.

'சாய சோலார் செல்லில் புதிய சாதனை' என்று அடுத்த முறை ஒரு செய்தி கண்ணில் பட்டால், சதவீதத்தோடு நின்றுவிடாமல் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். உள்ளே இருப்பது திரவமா, ஜெல்லா, திடமா? எவ்வளவு சூட்டில், எத்தனை மணி நேரம் சோதித்தார்கள்? சோதித்தது நகத்தளவு செல்லையா, கையகலப் பேனலையா? அந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி என்றால், அந்த செல் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வர இன்னும் நாள் இருக்கு என்று புரிந்துகொள்ளலாம்.